பரணிலிருந்து ஒன்று, கடையிலிருந்து ஒன்று

பி.எஸ்.ஏ. என்றால் தமிழர்களுக்கு சைக்கிள். அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த அந்த வண்டியை மிதித்துப் பள்ளிக்கூடம் போனவர்களில் பலர், அந்த மூன்று எழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று யோசித்திருக்க மாட்டார்கள். பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். 1861-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத் துப்பாக்கிக் கொல்லர்கள் கூடித் தொடங்கிய கம்பெனி. ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்திய மூன்று ரைஃபிள்கள்தான் அதன் முத்திரை. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் பிறகு வந்தவை. 1905-ல் லிங்கன் ஜெஃப்ரீஸ் என்பவரின் வடிவமைப்பில், ஸ்பிரிங்கால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியையும் அது செய்யத் தொடங்கியது.

அந்தத் துப்பாக்கிகளின் வாரிசுகள் இந்தியாவுக்குக் கப்பலேறி வந்தன. ரயில்வே காலனிகள், தேயிலைத் தோட்ட பங்களாக்கள், நிலக்கரி நகரங்கள் என்று எங்கெல்லாம் துரைமார்கள் இருந்தார்களோ அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. துரைமார்கள் போய்விட்டார்கள். துப்பாக்கிகள் போகவில்லை. பரணில், பழைய வேட்டியில் சுற்றப்பட்டு, டிரங்குப் பெட்டிக்கும் கிழிந்த மெத்தைக்கும் நடுவில் கிடக்கின்றன. யாராவது ஒரு பையனோ பெண்ணோ துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஆசைப்படும்போதுதான் அவற்றின் நினைவு வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: இதைச் சரிசெய்து கொடுப்பதா, புதிதாக ஒன்று வாங்குவதா?

மேற்கு வங்காளத்தில் தெலுங்கர்களும் தமிழர்களும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் கரக்பூர் ரயில்வே நகரத்தில், ஒரு வீட்டுக் கூடத்தில் இந்தக் கேள்வி மூன்று வாரங்கள் ஓடியது. வீட்டுப் பெரியவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டர்னராக இருந்து ஓய்வுபெற்றவர். பேத்திக்கு 13 வயது. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வாங்கியதை டி.வி.யில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை. மனு சுட்டது பிஸ்டல். பேத்திக்குப் பிடித்தது ரைஃபிள். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனின் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

மருமகன் தாமதிக்கவில்லை. கொல்கத்தா போய்ப் பன்னிரண்டாயிரம் ரூபாய் சில்லறைக்குப் புத்தம்புது துப்பாக்கி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். அட்டைப்பெட்டியில் பாயும் சிறுத்தை ஒன்றின் படம்.

“மாமா, இதைப் பாருங்க. நொடிக்கு ஆயிரம் அடி வேகம்னு போட்டிருக்கான்.”

“வேகம் இருக்கட்டும் மாப்பிள்ளை. குழந்தையால இதை மடக்க முடியுமா, அதைச் சொல்லுங்க.”

அவளால் முடியவில்லை. குழலை வளைத்து ஸ்பிரிங்கை அமுக்க முயன்றாள். பாதி வளைந்து நின்றுவிட்டது. மறுநாள் காலையில் பெரியவர் பரணில் ஏறினார்.

கீழே இறங்கி வந்தது பி.எஸ்.ஏ. ஏர்ஸ்போர்ட்டர். 1948-ல் சந்தைக்கு வந்த மாடல் அது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவர் ஒருவர் புறப்படும் அவசரத்தில் பெரியவரின் அப்பாவுக்கு விற்றுவிட்டுப் போனது. என்ன விலை என்பதில் குடும்பத்தில் மூன்று கட்சிகள் உண்டு. பேத்தி அதைக் கையில் எடுத்து, கீழே உள்ள நெம்புகோலை இழுத்தாள். சத்தமில்லாமல் அமுங்கிக் கிளிக்கென்று நின்றது. மருமகனின் முகம் தொங்கிவிட்டது.

ஆனால் விஷயம் அவ்வளவு லேசாக முடிகிற மாதிரி இல்லை.

காற்றுத் துப்பாக்கி என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுவது. இந்த வகைத் துப்பாக்கியில் அடைத்து வைத்த காற்று எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது ஒரு பிஸ்டனும் அதன் பின்னால் ஒரு தடித்த ஸ்பிரிங்கும். குழலையோ நெம்புகோலையோ வளைக்கும்போது பிஸ்டன் பின்னுக்குப் போய் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது. குதிரையை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அடித்தால் என்ன ஆகுமோ அதுதான் உள்ளேயும் ஆகிறது. காற்று நசுங்கிச் சூடாகி, ஒரு சிறிய துளை வழியே பாய்ந்து ஈயக்குண்டைத் தள்ளுகிறது. கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த நேரத்துக்குள் துப்பாக்கி இரண்டு முறை உதைக்கிறது. பிஸ்டன் முன்னால் கிளம்பும்போது துப்பாக்கி பின்னால் நகர்கிறது. பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் இழுக்கிறது. குண்டு குழலை விட்டு வெளியேறுவது இந்தக் கூத்துக்கு நடுவில்தான். வெடிமருந்துத் துப்பாக்கியைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட இதில் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே. இறுக்கிப் பிடித்தால் குண்டு சிதறும். தொட்டிலைத் தாங்குவது போலத் தளர்வாக ஏந்தினால் ஒரே இடத்தில் போய் விழும்.

ஆக, ஒரு ஸ்பிரிங் துப்பாக்கியின் தரம் என்பது ஐந்தாறு பாகங்களின் தரம். குழல், பிஸ்டன் முனையில் உள்ள வாஷர், ஸ்பிரிங், அதை உள்ளிருந்து தாங்கும் கம்பி, குதிரை, மரக்கட்டை. பெரியவர் இரண்டையும் பிரித்து மேஜையில் பரப்பினார். இதை வீட்டில் யாரும் முயல வேண்டாம். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் பல்லைப் பெயர்த்துவிடும். அவர் அதற்கென்று ஒரு கிளாம்ப் செய்து வைத்திருக்கிறார்.

முதலில் பழசு. இரும்பில் குறை சொல்ல எதுவுமில்லை. முழு எஃகில் கடைந்த பாகங்கள். திருகுகளின் தலைகூடப் பளபளப்பாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது. வெளியே தெரியாத இடங்களிலும் அரத்தின் தடம் இல்லை. “இதைச் செஞ்சவன் மணிக்கணக்குப் பார்க்காதவன்” என்றார் டர்னர். தொழிலாளி தொழிலாளியைப் பாராட்டுவதில் ஒரு தனி ருசி இருக்கிறது. ஆனால் பிஸ்டனின் தோல் வாஷர் காய்ந்து அப்பளம் போலிருந்தது. ஸ்பிரிங் பழுத்த வாழைப்பழம் மாதிரி வளைந்து, தன் நீளத்தில் கணிசமாக இழந்திருந்தது. நெம்புகோல் அவ்வளவு சுலபமாக இறங்கியதன் ரகசியம் அதுதான்! பேத்திக்குப் பிடித்துப்போன அந்த மென்மையில் பாதி வடிவமைப்பின் சிறப்பு. மீதி வயோதிகம்.

இன்னொரு சிக்கல் ஏர்ஸ்போர்ட்டரின் பிறவிக் குணம். அதில் குழல் வளையாது. குழலுக்கும் அறைக்கும் நடுவே தண்ணீர்க் குழாயின் திருகு போல ஒரு கூம்பு வடிவ அடைப்பான் இருக்கும். நெம்புகோலை இழுத்தால் அது தானாகத் திறந்துகொள்ளும். குண்டை அதன் துளையில் போட்டு மூட வேண்டும். பாதுகாப்பு என்று பார்த்தால் இது அற்புதமான ஏற்பாடு. குண்டு போடும் விரல் ஒருபோதும் ஸ்பிரிங்கின் வழியில் இல்லை. (வளைக்கும் துப்பாக்கியில் குழலை ஒரு கையால் பிடித்துக்கொள்ளாமல் குண்டு போடக் கூடாது என்பது முதல் பாடம். குதிரை தவறி விழுந்தால் குழல் சாட்டை போல மேலெழும்.) குழல் அசையாததால் குறிமுள்ளும் நேராகவே இருக்கிறது. ஆனால் எழுபது வருடத் தேய்மானத்தில் அடைப்பானின் ஓரம் காற்றைக் கசியவிடும். பெரியவர் ஒரு மெல்லிய காகிதத்துண்டை அதன் மேல் வைத்துச் சுட்டார். காகிதம் பறந்தது. போதாக்குறைக்கு, குண்டு அடைப்பானின் துளையிலிருந்து குழலுக்குள் தாவும்போது சற்றே கோணினாலும் குறி தவறும்.

அடுத்து புதுசு. வெளித்தோற்றம் மிரட்டல். உள்ளே போனால் கதை வேறு. கட்டை பிளாஸ்டிக், தட்டினால் காலி டப்பா ஓசை. குழல் மடங்கும் மூட்டில் போல்ட்டுக்குப் பதில் வெறும் பின். போல்ட் என்றால் ஆட்டம் கண்டபோது இறுக்கலாம். பின் ஆட்டம் கண்டால் கண்டதுதான். அறையின் வெட்டுவாயில் உலோகப் பிசிறு அப்படியே நின்றது. பிஸ்டனைச் செருகும்போது அந்தப் பிசிறு வாஷரின் உதட்டைக் கீறியிருந்தது. ஸ்பிரிங்குக்குள் இருக்கும் தாங்குகம்பி ஏகத்துக்குத் தளர்வு. ஒவ்வொரு முறை சுடும்போதும் ‘டொய்ங்’ என்று தந்தி அறுந்த வீணை போல ஒரு ஓசை வந்ததன் காரணம் தெரிந்துவிட்டது. எண்ணெய் தாராளம். முதல் பத்துக் குண்டுகள் புகையோடு வெடித்தன. பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் இருந்தால் காற்றின் சூட்டில் டீசல் என்ஜினில் போலவே அது பற்றிக்கொள்ளும். வேகம் கூடியது போல் தோன்றும். வாஷரும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போய்ச் சேரும். குதிரையை இழுப்பது கிணற்றில் வாளி இழுப்பதற்குச் சமம்.

இதற்குள் பழசுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பெரியவர் கடைசியாகக் குழல்களைப் பரிசோதித்தார். ஈயக்குண்டு ஒன்றை ஒரு முனையில் வைத்துப் பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளினார். பழைய குழலில் குண்டு சில இடங்களில் இறுகியது, சில இடங்களில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பரணின் ஈரப்பதம் உள்ளே அம்மைத்தழும்பு போட்டிருந்தது. புதுக் குழலில் ஒரே சீரான தடை. வாய்ப்பக்கம் மட்டும் ஒரு நூலளவு இறுக்கம். அது இருக்க வேண்டிய இறுக்கம்தான். வாஷரும் கீறலை விட்டால் நல்ல பாலியூரித்தேன். தோலைப் போல அடிக்கடி எண்ணெய் கேட்காது. சுருக்கமாகச் சொன்னால், புதிய துப்பாக்கியை இயந்திரம் செய்த இடங்கள் எல்லாம் உசத்தி. மனிதன் கடைசியாகக் கைவைத்துச் சீர்செய்திருக்க வேண்டிய இடங்கள் எல்லாம் மட்டம். பழையதில் நேர்மாறு. அரத்துக்கும் எமரித் தாளுக்கும் ஆள் வைத்தால் இன்று விலை கட்டுப்படியாகாது என்பதை மறந்துவிட்டுப் பழசைப் புகழ்வது எளிது.

ஆயிரம் அடி வேகத்தின் கதையும் அன்றே வெளிவந்தது. மருமகன் வேகமானி ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். அரை கிராமுக்குச் சற்று அதிகமான, அதாவது 0.52 கிராம் எடையுள்ள சாதாரண ஈயக்குண்டு புதிய துப்பாக்கியில் நொடிக்கு 240 மீட்டர் வேகத்தில் போனது. அடிக் கணக்கில் 790-க்குப் பக்கம். பொய் சொல்கிறானா கம்பெனிக்காரன்? முழுப்பொய் இல்லை. ஈயமில்லாத, 0.32 கிராம் எடையுள்ள இறகுக் குண்டைப் போட்டால் அதே துப்பாக்கி ஆயிரம் அடியைத் தொடும். இரண்டிலும் ஆற்றல் ஏறக்குறைய 15 ஜூல்தான். அட்டைப்பெட்டியில் எந்தக் குண்டு என்று எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது. பழைய பி.எஸ்.ஏ. 165 மீட்டர்தான் காட்டியது. ஆற்றல் 7 ஜூல். பாதிக்கும் குறைவு. ஆனால் 10 மீட்டர் போட்டிகளில் உலகம் முழுவதும் பயன்படும் துப்பாக்கிகளின் ஆற்றல் 7, 8 ஜூலைச் சுற்றித்தான் என்பது, சிறுத்தைப் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை. காகிதத்தில் ஓட்டை போட அதற்கு மேல் எதற்கு?

இந்த வேகப் பைத்தியம் பிடித்தது 1980-களில். ஜெர்மனியின் மெல்ரிஷ்ஸ்டட் நகரில் இருக்கும் வைராஹ் கம்பெனியின் எச்.டபிள்யூ.80 துப்பாக்கியும், அமெரிக்காவில் பீமன் ஆர்1 என்ற பெயரில் விற்ற அதன் சகோதரனும் பந்தயத்தைத் தொடங்கி வைத்தன. அவை நல்ல துப்பாக்கிகள். கனமானவை, நேர்த்தியானவை, அந்த வேகத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டவை. பின்னால் வந்தவர்கள் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கனத்தையும் நேர்த்தியையும் விட்டுவிட்டார்கள்.

உண்மையில் ஸ்பிரிங் துப்பாக்கியின் பொற்காலம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகான முப்பது ஆண்டுகள். அதன் உச்சியில் இருப்பது 1970-களில் வந்த ஃபைன்வெர்க்பாவ் 300. குதிரையை இழுத்ததும் குழலும் இயந்திரமும் சேர்ந்து, கட்டையின் மேல் தண்டவாளத்தில் போல வழுக்கிப் பின்னால் போகும். சுடுபவரின் தோளுக்கு உதை வராது. 10 மீட்டரில் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே கிழிசல் ஓட்டையாகும். 1984-ல் லாஸ் ஏஞ்சலிஸில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்த வேளையில், ஒரே அமுக்கில் காற்றைச் சேமிக்கும் துப்பாக்கிகள் வந்து ஸ்பிரிங்கை மேடையிலிருந்து இறக்கத் தொடங்கியிருந்தன. இப்போது போட்டிகளில் காற்று உருளை பொருத்தியவைதான். ஆனால் ஒரு நல்ல 300 இன்று கிடைத்தாலும், கடையில் பெட்டி பிரிக்கும் பெரும்பாலான ஸ்பிரிங் துப்பாக்கிகளை வெட்கப்பட வைக்கும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அதற்காக அந்தக் காலத்தது எல்லாம் தங்கம் என்று அர்த்தமில்லை. பி.எஸ்.ஏ.யே 1959-ல் மீட்டியோர் என்ற மலிவுத் துப்பாக்கியைக் கொண்டுவந்தது. பள்ளிச் சிறுவர்களின் பாக்கெட் மணிக்காகத் தகட்டு வேலை நிறையச் சேர்த்துச் செய்தது. அதே ஃபைன்வெர்க்பாவ் செய்த 124 என்ற அழகான துப்பாக்கிக்கு வந்த கதி இன்னும் வேடிக்கை. அதில் தோலுக்குப் பதில் அந்தக் காலத்துப் புதுமையான செயற்கை வாஷர் வைத்தார்கள். சில வருடங்களில், சுடாமல் பெட்டியில் வைத்திருந்தால்கூட, அது மெழுகு போல உதிர்ந்துவிட்டது. தாத்தா காலத்துத் தோல் எண்ணெய் விட்டால் பிழைக்கிறது. அப்பா காலத்து பிளாஸ்டிக் பிழைப்பதில்லை. பழைய துப்பாக்கி வாங்குகிறவர் அதன் வயதை மட்டும் கேட்டால் போதாது, எந்த வயது என்றும் கேட்க வேண்டும்.

பெயரை நம்புவதும் ஆபத்து. டயானா என்ற ஜெர்மானியப் பெயரின் சரித்திரம் ஒரு நாவலுக்குச் சமம். 1890-ல் ராஸ்டாட்டில் தொடங்கிய கம்பெனி அது. வில்லை வீசிவிட்டுத் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்திருக்கும் வேட்டைத் தேவதைதான் சின்னம். போரில் ஜெர்மனி தோற்றதும் அதன் இயந்திரங்களும் பெயரும் ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ கம்பெனிக்குப் போயின. ஆகவே பல வருடங்கள் ‘டயானா’ என்று பொறித்து வந்தது ஸ்காட்லாந்துச் சரக்கு. அசல் டயானாக்காரர்கள் பிரிட்டனில் ‘ஒரிஜினல்’ என்ற பெயரில் விற்க வேண்டியிருந்தது! பி.எஸ்.ஏ. துப்பாக்கிப் பிரிவை 1986-ல் ஸ்பெயினின் காமோ வாங்கியது. பர்மிங்ஹாமின் இன்னொரு பழம்பெருமையான வெப்லி 2005-ல் தன் தொழிற்சாலையை மூடியது. பிறகு அந்தப் பெயரில் வந்தவை துருக்கியில் தயாரானவை. துருக்கிக்காரர்கள் மோசமாகச் செய்கிறார்கள் என்பதல்ல. பழைய பெயருக்கு என்று கூடுதல் விலை கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. வால்சந்த் ஹிராசந்த் 1926-ல் தொடங்கிய இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனி தண்ணீர்க் குழாய்களோடு நிற்காமல் துப்பாக்கிக் குழலிலும் இறங்கியது. அதன் ஐ.எச்.பி. முத்திரையிட்ட காற்றுத் துப்பாக்கி ஜெர்மானிய டயானா 35-ன் பாணியில் வந்தது. பழைய ஐ.எச்.பி. ஒன்று கைக்கு வந்தால் விவரம் தெரிந்தவர்கள் விடுவதில்லை. பின்னாளில், உலோகத்தில் ஆழத்துளை போடும் இயந்திரங்கள் செய்யும் குழுமத்திலிருந்து ப்ரிசிஹோல் போன்ற பெயர்கள் வந்தன. நீளத் துளையை நேராகப் போடத் தெரிந்தவன் நல்ல குழல் செய்வதில் ஆச்சரியமில்லை. ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு அடைத்த உருளை வைத்த மாடல்களும் வந்துவிட்டன. கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் அதே சமாசாரம். மணிக்கணக்கில் அமுக்கி வைத்தாலும் தளராது, ‘டொய்ங்’ கிடையாது. ஆனால் வாயு கசிந்தால் கரக்பூர் டர்னரால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய ஸ்பிரிங் என்றால் லாரி பட்டறைத் தெருவில்கூட யாராவது ஒருவர் சுற்றிக் கொடுத்துவிடுவார்.

பணத்தைக் கணக்கிடும்போது மறந்துவிடும் இன்னொரு விஷயம் சட்டம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டாம். பரண்களில் கிடக்கும் பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் பல 0.22 அங்குலம். ஆற்றல் பத்து ஜூலைத் தொடாத கிழடாக இருந்தாலும், விட்டம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பெரியவர் முதல் காரியமாக வெர்னியர் வைத்து அளந்தார். 0.177. அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். அவளுக்குத் துப்பாக்கி வீட்டில் இருப்பதே பிடிக்காது.

அவளுடைய வெறுப்பை அலட்சியப்படுத்த முடியாது. இந்த நாட்டில் காற்றுத் துப்பாக்கி காகிதத்தைச் சுட்டதைவிடப் புறாவையும் மைனாவையும் சுட்டதுதான் அதிகம் என்று அவள் சொன்னால் மறுக்க ஆளில்லை. சலீம் அலி சிறுவனாக இருந்தபோது விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்த அந்தக் குருவி என்ன இனம் என்று கேட்டுக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியதுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. ஒரு குருவிக்கு ஒரு சலீம் அலி கிடைத்தார். மற்றக் குருவிகளுக்கு யாரும் கிடைக்கவில்லை. அருணாசலப் பிரதேசத்தில் காடு மௌனமாகிக்கொண்டு வந்ததில் காற்றுத் துப்பாக்கிக்கும் பங்கிருந்தது. 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்தின் லும்டுங் கிராமத்தில், அவற்றை மக்களே முன்வந்து ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பருக்குள் 1,600-க்கு மேல் சேர்ந்துவிட்டன. அவற்றில் பழசு எத்தனை, புதுசு எத்தனை என்று யாரும் தரம் பிரித்திருக்க மாட்டார்கள். 15 ஜூல் துப்பாக்கியைச் சிறுவர்களிடம் சிறுத்தைப் படம் போட்டு விற்பவர்கள், அது காகிதத்துக்கல்ல என்று சொல்லாமல் சொல்கிறார்கள். பேத்தியின் அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். துப்பாக்கி ஷெட்டை விட்டு வெளியே வரக் கூடாது. சாவி அவளிடம் இருக்கும். பெரியவர் வாதாடவில்லை.

ஷெட்டின் கோடியில், தடிப்பலகைக்கு முன்னால் பழைய துணி அடைத்த மூட்டையைக் கட்டி, சர்வதேசக் குறியட்டையை மாட்டினார்கள். அதன் வெளிவட்டத்தின் குறுக்களவு 45.5 மில்லிமீட்டர். பத்து மதிப்பெண் தரும் மையப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். 10 மீட்டரில் நின்று பார்த்தால் அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. பெரியவர் மணல் மூட்டையில் தாங்கி இரண்டிலும் பத்துப் பத்துக் குண்டுகள் சுட்டார். பி.எஸ்.ஏ. நான்கு சென்டிமீட்டருக்குள் சிதறியது. புதியது அதைவிட மோசம், ஐந்தைத் தாண்டியது. மருமகன் பேசாமல் அட்டைகளைக் கழற்றினார்.

“இதுக்குத்தான் பன்னிரண்டாயிரம் கொடுத்தேனா மாமா?”

“அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. குழல் நல்ல குழல். மத்ததுக்குத்தான் நான் இருக்கேனே.”

அடுத்த பத்து நாள் வேலையைத்தான் அவர் வாழ்க்கையில் ரசித்துச் செய்த வேலை என்று பாட்டி சொல்கிறாள். பிசிறுகளை எல்லாம் எமரித் தாளால் வழித்தார். கடையிலிருந்து புது வாஷர் வரவழைத்தார். ஸ்பிரிங்குக்கு இறுக்கமாகப் பொருந்தும் தாங்குகம்பி ஒன்றை, பழைய சக ஊழியரின் லேத்தில் நின்று கடைந்தார். குதிரையின் கொக்கி முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். அளவுக்கு மீறித் தேய்த்தால் தானாகவே சுட்டுவிடும் என்பதால் இதில் மட்டும் இரண்டு நாள் போனது. கடைசியில் செய்ததுதான் மருமகனை அதிர வைத்தது. கம்பெனி ஸ்பிரிங்கை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, மெல்லிய கம்பியில் சுற்றிய பலம் குறைந்த ஸ்பிரிங்கைப் போட்டார். வேகம் 240-லிருந்து 175 மீட்டருக்கு இறங்கியது. ஆற்றல் 8 ஜூல். காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் கால்பங்குக்கு மேல் போயிற்று. அடுத்த பத்துக் குண்டுகள் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் விழுந்தன. ஓசை, கனத்த புத்தகத்தை மூடினாற்போல.

கூட்டிப் பார்த்தால் செலவு பதினைந்தாயிரத்துக்குள். பெரியவரின் கூலியைச் சேர்க்கவில்லை. அதைச் சேர்த்தால் புதிய துப்பாக்கி லாபமா நஷ்டமா என்பது வேறு கணக்காகிவிடும். வீட்டில் ஒரு டர்னர் இல்லாதவர்கள், இந்த நேர்த்தியைக் கம்பெனியே செய்து தரும் சற்று விலை கூடிய துப்பாக்கியைத் தேடுவதே மேல். வாங்கும்போது மூட்டில் பின்னா போல்ட்டா என்று பார்க்கலாம். சுடும் ஓசையைக் கேட்கலாம். வேகத்தைப் பற்றிக் கடைக்காரர் பேசத் தொடங்கினால் எந்தக் குண்டில் என்று கேட்கலாம். பழசு வாங்குவதானால் காகிதத்துண்டு ஒன்றைப் பையில் எடுத்துப் போவது நல்லது.

இதனால் பேத்தி ஒலிம்பிக் போய்விடுவாள் என்று யாரும் சொல்லவில்லை. நிஜமான போட்டித் துப்பாக்கியின் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டும். கிளப்பில் வாடகைக்கு எடுத்துப் பழகுவதற்கே முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு பக்கமும் உதைக்கிற ஸ்பிரிங்கைச் சுட்டபின்னும் அசையாமல் ஏந்தி நிற்கக் கற்றவள், உதையே இல்லாத துப்பாக்கிக்குப் போகும்போது ஒரு படி முன்னால் இருப்பாள் என்பது பெரியவரின் கட்சி. அது சரியா என்பது கிளப் பயிற்சியாளர் சொல்ல வேண்டியது.

பி.எஸ்.ஏ.வுக்கும் அவர் துரோகம் செய்யவில்லை. செருப்புத் தைப்பவரிடம் கனமான தோல் வாங்கி, வெந்நீரில் ஊற வைத்து, அச்சில் அழுத்திக் கிண்ணம் போல வாஷர் செய்து, எண்ணெயில் ஒரு வாரம் போட்டு வைத்தார். இப்போது அது காகிதத்தைக் கொஞ்சமாகத்தான் பறக்கவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மட்டும் அதில் ஐந்து குண்டு சுடுகிறார்.

மற்ற நாட்களில் ஷெட் பேத்தியுடையது. பெண்கள் போட்டியில் 2018-லிருந்து 60 குண்டு. எனவே தினமும் மாலையில் 60 முறை குழலை மடக்குகிறாள். முதல் வாரம் நாற்பதில் கை நடுங்கியது. இப்போது அறுபது முடிந்ததும் அட்டையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய்ச் சாவியைக் கொடுக்கிறாள்.